நெஞ்செரிச்சல்: இது வெறும் கேஸ்ட்ரிக்தானா, எப்போ ஆஸ்பத்திரிக்குப் போகணும்?

சிம்பாங் அக்கா, சுங்கை சிப்புட்
ஞாயிறு, மதியம் 2.40

எல்லாருக்கும் வணக்கம். லிந்தாங் ரோட்டுப் பக்கம் தோட்டத்து வீடு எங்களுது. முன்ன பால்மரம், இப்ப முழுசா செம்பனை. எனக்கு 46 வயசு. வீட்டுக்காரர் குலை வெட்டுறார். நான் விடியக்காலை 4 மணிக்கு எழுந்து சம்பல் கிண்டி, நாசி லெமாக் கட்டி, வேலைக்குப் போறவங்களுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கும் சிம்பாங்குல (ரோட்டுச் சந்தியில) மேசை போட்டு விக்கிறேன். இனிப்பு நீர் (சர்க்கரை வியாதி) இருக்கு. 6 வருஷமா மெட்ஃபோர்மின் சாப்பிடுறேன்.

ரெண்டு மாசமா நெஞ்செரிச்சல் தூங்க விடல. ராத்திரி வெங்காயம் உரிச்சு, நெத்திலி பொரிச்சு வச்சுட்டு நான் சாப்பிட உக்கார 10 மணி ஆயிடும். தட்டைக் கழுவிக் கவுத்துட்டு அப்படியே படுத்துடுவேன். ஒன்றரை ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துடும். மார்க்கூடு ரெண்டா பிரியுற குழியில தணல் வச்ச மாதிரி ஆரம்பிச்சு, நடுநெஞ்சு வழியா ஏறி, தொண்டையில புளிச்ச தண்ணியா வந்து நிக்கும். எழுந்து உக்காந்தா இறங்கும், படுத்தா மறுபடி ஏறும். பின்வாசல் படியில போய் உக்காந்துக்குவேன். அரசாங்க கிளினிக் கெசிஹாத்தான்ல போன வருஷம் கொடுத்த வெள்ளைத் தண்ணி மருந்து இன்னும் அரை போத்தல் இருக்கு. குலுக்கி ரெண்டு கரண்டி குடிச்சா அடங்கும். விடிஞ்சு பார்த்தா கரண்டியில அது காஞ்சு சுண்ணாம்பு பூசுன மாதிரி இருக்கும்.

மாமியார் பால் குடிக்கச் சொன்னாங்க. குடிச்ச நேரத்துக்குச் சுகமா இருக்கு, கொஞ்ச நேரம் கழிச்சு முன்னைவிட எரியுது. வாயுன்னு சொல்லி கோடாலித் தைலமும் தேய்ச்சு விட்டாங்க. முட்டி வலிக்கு நான் அப்பப்ப போன்ஸ்தான் போடுவேன், அதையும் சொல்லிடுறேன்.

ஈப்போவுல ஸ்கோப் (வாய் வழியா குழாய் விட்டு வயித்தைப் பார்க்கிறது) பண்ணிப் பாருன்னு ஒருத்தர் சொல்றார். அவ்வளவு தூரம் போற விஷயமா இது? கடையை ஒரு நாள் மூடினா அந்த நாள் காசு போச்சு.

இன்னொண்ணு, எழுதலாமா வேணாமான்னு யோசிச்சேன். புதன்கிழமை சோத்துப் பானையைத் தூக்கிக்கிட்டு மேட்டுல ஏறும்போது நெஞ்சு நடுவுல இறுக்கிப் பிடிச்ச மாதிரி இருந்துச்சு. எரிச்சல் இல்ல. மூச்சு வாங்குச்சு, இடது தோள் கனத்துப் போச்சு. பானையை இறக்கி வச்சுட்டு நின்னேன், அஞ்சு நிமிஷத்துல விட்டுடுச்சு. நேத்தும் அதே மேட்டுல அதே மாதிரி. வெறும் வயித்துல சம்பல் ருசி பார்த்ததுல கேஸ்ட்ரிக் ஏறிடுச்சுன்னு நெனைச்சு வெள்ளை மருந்து குடிச்சேன், சரியாப் போச்சு. அதனால இதுவும் அதுதானேன்னு நெனைக்கிறேன். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

லோரிக்காரன், பீடோர்
ஞாயிறு, மதியம் 3.25

அக்கா, நீங்க எழுதின ராத்திரிக் கதை அப்படியே என் கதை. நான் செம்பனைப் பழ லோரி ஓட்டுறேன். மில்லுல வரிசை நின்னு வீட்டுக்கு வர நேரமாயிடும், வந்ததும் சாப்பாடு, சாப்பிட்டதும் படுக்கை. மூணு வருஷம் அவஸ்தைப்பட்டேன்.

எனக்குக் கைகொடுத்தது ரெண்டு. ஒண்ணு, படுக்கிறதுக்கு மூணு மணி நேரம் முன்னாடியே சாப்பாட்டை முடிச்சுடுறேன். வழியில பசியாறிக்கிறேன், வீட்டுக்கு வந்து வெறும் சுடுதண்ணிதான். ரெண்டாவது, கட்டிலோட தலைமாட்டுக் கால் ரெண்டுக்கும் கீழ செங்கல் வச்சேன், ஆறு ஏழு அங்குலம் உயரும். தலையணையை அடுக்கிப் பார்க்காதீங்க. அது கழுத்தை மட்டும் தூக்கும், வயிறு மடங்கி இன்னும் மேல தள்ளும். இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க. வலது பக்கம் படுத்தா எனக்கு உடனே ஏறும்.

ஸ்கோப்புக்குப் பயப்படாதீங்க. முதல் நாள் ராத்திரியிலிருந்து ஒண்ணும் சாப்பிடக் கூடாது. தொண்டையில ஸ்ப்ரே அடிப்பாங்க, எச்சில் முழுங்கினாகூட உணர்வு இருக்காது. குழாய் இறங்கும்போது ஓங்கரிக்கும், மூக்கால மூச்சு விடச் சொல்லுவாங்க. எனக்குக் கால் மணி நேரம்கூட ஆகல. உணவுக்குழாயும் இரைப்பையும் சேருற இடத்துல இருக்கிற சுருக்குத் தளர்ந்து போச்சு, அங்க புண்ணு இருக்குன்னு சொல்லி ரெண்டு மாசம் மாத்திரை கொடுத்தாங்க. கோப்பி ஓவை (பால் சேர்க்காத கோப்பி) நாளைக்கு ஒரு கிளாஸா குறைச்சேன். சிகரெட்டை விட்டேன், அதுதான் கஷ்டமா இருந்துச்சு.

பழைய டிரெஸ்ஸர்
ஞாயிறு, மாலை 4.05

தங்கச்சி, நீங்கள் கடைசியில் தயங்கித் தயங்கி எழுதியதைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். மேட்டில் ஏறும்போது வந்த இறுக்கத்தைக் கேஸ்ட்ரிக் கணக்கில் சேர்க்காதீர்கள். இன்று மாலையே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். அது 24 மணி நேரமும் திறந்திருக்கும். நாளைக் காலை கடை போட்டுவிட்டுப் போகலாம் என்று நினைக்க வேண்டாம். நீங்களே மோட்டாரை எடுத்துக்கொண்டு போகவும் வேண்டாம். போவதற்குள் அந்த இறுக்கம் மறுபடி வந்து, உட்கார்ந்தும் விடவில்லை என்றாலோ, சில்லென்று வேர்த்தாலோ, தலை சுற்றினாலோ, உடனே 999க்கு அழைத்து ஆம்புலன்ஸ் கேளுங்கள்.

நான் 31 வருஷம் தோட்டத்து ஆஸ்பத்திரிகளில் டிரெஸ்ஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக, வேலை பார்த்தவன். டாக்டர் இல்லை. உங்களை நேரில் பார்க்காமல் இதுதான் நோய் என்று சொல்லவும் மாட்டேன். ஆனால் உங்களுக்கு இருப்பது ஒரு வலி இல்லை, இரண்டு வலி. நீங்களே அவற்றைப் பிரித்துத்தான் எழுதியிருக்கிறீர்கள், பெயரை மட்டும் ஒன்றாக வைத்துவிட்டீர்கள்.

ராத்திரி வருவது சாப்பாட்டுக்குப் பின், படுத்தால் வருகிறது, நிமிர்ந்தால் இறங்குகிறது, புளித்த தண்ணீர் தொண்டைக்கு வருகிறது. இரைப்பைப் புளிப்பு மேலே ஏறுவதன் முகம் அது. குனிந்து கூட்டினால்கூட வரும். சிலருக்கு எரிச்சலே தெரியாமல் விடாத இருமலாகவோ காலையில் குரல் கம்மியோ வரும். மேட்டில் வருவது வேறு. உடம்பு உழைக்கும்போது வருகிறது, நின்றால் போகிறது. எரியவில்லை, இறுக்குகிறது. தோளுக்குப் போகிறது. மூச்சு வாங்குகிறது. இதயத்துக்கு இரத்தம் கொண்டு போகும் குழாய் சுருங்கியிருந்தால் உழைப்புக்கு வேண்டிய இரத்தம் போய்ச் சேராது. அப்போது இப்படித்தான் இருக்கும். சிலருக்குத் தாடையில், முதுகில், இரண்டு கையிலும் தெரியும்.

வெள்ளை மருந்து குடித்ததும் விட்டது என்கிறீர்கள். பானையை இறக்கி வைத்துவிட்டு நின்றீர்களே, அதனால் விட்டது. மருந்து கேட்டதை வைத்து இது வயிறுதான் என்று முடிவு கட்ட முடியாது. அந்தக் கணக்கு பல பேரை ஏமாற்றியிருக்கிறது.

இதயமும் உணவுக்குழாயும் ஒரே லயத்துப் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி. இரண்டிலிருந்தும் வரும் நரம்புகள் முதுகுத்தண்டில் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. கதவு தட்டும் சத்தம் மூளைக்குக் கேட்கிறது, எந்த வீட்டுக் கதவு என்று தெரிவதில்லை. அதிலும் இனிப்பு நீர் நாள்பட இருந்தால் நரம்பு மரத்துவிடும். பெண்களுக்கும் வயதானவர்களுக்கும்கூடப் பல நேரம் பெரிய வலி இருக்காது. அசதி, குமட்டல், மேல்வயிற்றில் ஒரு கனம், மூச்சு முட்டல், அவ்வளவுதான் தெரியும். வயிறு சரியில்லை என்று படுத்துவிடுவார்கள்.

நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1993இல் ஒரு தோட்டத்தில் இருந்தேன். மண்டோர் (வேலை மேற்பார்ப்பவர்) ஒருவர், 51 வயது, காலைப் பிரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்து ஆஸ்பத்திரிக்கு வந்தார். "ஐயா, காத்து அடைச்சிருக்கு, நெஞ்சுல நிக்குது" என்றார். அவருக்குக் கேஸ்ட்ரிக் உண்டு என்று எனக்குத் தெரியும், பழைய சீட்டிலும் அதுதான் இருந்தது. ஒரு அவுன்ஸ் வெள்ளை மருந்து ஊற்றிக் கொடுத்தேன். குடித்தார், பெரிதாக ஏப்பம் விட்டார், "இப்ப பரவாயில்ல" என்று சிரித்தார். மேல் உதட்டிலும் நெற்றியிலும் வேர்வை முத்து முத்தாக நின்றது. நான் அதைப் பார்த்தேன். மலைக்காட்டிலிருந்து நடந்து வந்திருக்கிறார், அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காலை 7 மணி, மழை பெய்து ஓய்ந்த குளிர். 11 மணிக்கு ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகையில் சாய்ந்தவர் எழவில்லை. தவறு என்னுடையது. அந்த வேர்வையை நான் இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு நெஞ்சில் கை வைத்துக்கொண்டு வந்த யாருக்கும், நாடி பார்த்து, இரத்த அழுத்தம் பார்த்து, எப்போது வருகிறது எப்படிப் போகிறது என்று கேட்காமல் நான் மருந்து போத்தலைத் தொட்டதில்லை.

ஆஸ்பத்திரி கவுண்டரில் "காஸ்ட்ரிக்" என்று சொல்லாதீர்கள். அந்த வார்த்தையைச் சொன்னால் உங்களை வரிசையில் பின்னால் உட்கார வைக்க வாய்ப்பு உண்டு. மலாயில் "சாக்கிட் டாடா, பிலா நாயேக் புக்கிட்" (மேடு ஏறினால் நெஞ்சு வலிக்கிறது) என்று சொல்லுங்கள். கெஞ்சிங் மானிஸ் (இனிப்பு நீர்) இருப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முதல் ஈசிஜி நன்றாக இருந்தாலும் உடனே வீட்டுக்குக் கிளம்ப அவசரப்படாதீர்கள். வலி இல்லாத நேரத்தில் எடுத்தால் கோடு சரியாகவே இருக்கலாம். இரத்தத்தைச் சில மணி நேர இடைவெளியில் இரண்டு தரம் எடுத்துப் பார்ப்பார்கள். இருந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

வயிற்றுப் பக்கமும் சில விஷயங்களுக்குக் காத்திருக்கக் கூடாது, மற்றவர்களுக்காகவும் எழுதுகிறேன். இரத்தமாக வாந்தி எடுத்தாலோ, வாந்தி கோப்பி ஓ கிளாஸின் அடியில் தங்கும் தூள் மாதிரி இருந்தாலோ, மலம் தார் மாதிரி கறுத்து ஒட்டிக்கொண்டு நாறினாலோ அன்றே ஆஸ்பத்திரி. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். சோறு நெஞ்சில் சிக்கிக்கொண்டு இறங்காமல் நின்றால், விழுங்கும்போது வலித்தால், காரணமில்லாமல் உடம்பு இளைத்தால், ஐம்பதைத் தாண்டி முதல் தடவையாக இந்த எரிச்சல் வந்தால், ஸ்கோப்புக்கு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அரசாங்கக் கிளினிக்கில் 1 ரிங்கிட்தான். அங்கிருந்து கடிதம் எழுதி அனுப்புவார்கள்.

பதில் எழுதிக்கொண்டு உட்கார வேண்டாம் தங்கச்சி. கிளம்புங்கள்.

மருந்தகத் தங்கை, தாப்பா
ஞாயிறு, மாலை 4.50

ஐயா சொன்னதுக்கு மேல நெஞ்சு விஷயத்துல நான் சேர்க்க ஒண்ணும் இல்ல. அக்கா, முதல்ல அதைப் பாருங்க. இது திரும்பி வந்து படிக்கிறதுக்கு.

போன்ஸ்தானை நிறுத்திடுங்க. போன்ஸ்தான், வோல்தாரன், புரூஃபென் மூணும் ஒரே வலி மாத்திரைக் கூட்டம். இரைப்பையோட உள்தோலைக் காக்கிற வழுவழுப்பை இது குறைச்சுடும், புண்ணாக்கும், இரத்தம்கூடக் கசியும். இதயத்துல கோளாறு இருந்தா அதுக்கும் நல்லதில்ல. இப்போதைக்கு முட்டிக்குப் பானாடோல் (பாரசிட்டமால்) போதும். தோட்டத்துல பலபேர் உடம்பு வலிக்குச் சந்தையில விக்கிற ஜாமு (நாட்டு மருந்து) உருண்டை வாங்கிச் சாப்பிடுறாங்க. போட்டதும் பறந்து வேலை செய்யலாம் போல இருக்கும். பதிவு செய்யாத சிலதுல டெக்ஸாமெத்தாசோன்னு ஒரு ஸ்டெராய்டைக் கலந்திருக்கிறதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடிச்சு எச்சரிச்சிருக்கு. அது வயித்தையும் கெடுக்கும், இனிப்பு நீரையும் ஏத்தும். டப்பாவுல எம்ஏஎல்னு ஆரம்பிக்கிற பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டுவில்லையும் இல்லாததைத் தொடாதீங்க.

போன வருஷத்து வெள்ளை மருந்தைக் கொட்டிடுங்க. திறந்த போத்தலை அவ்வளவு நாள் வைக்கக் கூடாது. அது ஏற்கெனவே ஊறின புளிப்பைத்தான் அடக்கும், ஊறுறதை நிறுத்தாது. புளிப்பு ஊறுறதைக் குறைக்கிறது ஓமெப்ரசோல் மாதிரி மாத்திரை. அதை எல்லாரும் சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டுட்டு, மருந்து கேக்கலன்னு என்கிட்ட வர்றாங்க. காலையில பசியாறுறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி போடணும். சாப்பாடு இறங்கும்போதுதான் இரைப்பையில புளிப்பு சுரக்கிற பம்புகள் வேலையை ஆரம்பிக்கும், அந்த நேரத்துல மருந்து இரத்தத்துல இருந்தாத்தான் அதைப் பிடிச்சு நிறுத்தும். முதல் நாளே அற்புதம் நடக்காது, மூணு நாலு நாள் பொறுங்க. வழக்கமா 4 வாரத்துலேர்ந்து 8 வாரம் கொடுப்பாங்க. அதுக்கப்புறமும் எரிஞ்சா நீங்களா நீட்டிக்காம டாக்டர்கிட்ட போகணும்.

இன்னும் ஒண்ணு, தோட்டத்துக்காரங்களுக்காக. எலிக் காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளின் கேப்சூல் கொடுப்பாங்க. அதை ஒரு வாய்த் தண்ணியில விழுங்கிட்டுப் படுத்தா உணவுக்குழாயிலேயே ஒட்டிக்கிட்டு அங்கேயே புண்ணாக்கிடும், எச்சில் விழுங்கினாகூடக் கத்தி மாதிரி இருக்கும். நிறையத் தண்ணி குடிச்சுட்டு அரை மணி நேரமாவது நிமிர்ந்து உக்காந்திருக்கணும். இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கிற அம்லோடிபின் சிலருக்கு உணவுக்குழாய் அடியில இருக்கிற அந்தச் சுருக்கைத் தளர்த்தும். அதுக்காக அதை நீங்களா நிறுத்திடாதீங்க, டாக்டர்கிட்ட சொன்னா வேற மாத்திக் கொடுப்பாங்க.

சிம்பாங் அக்கா, சுங்கை சிப்புட்
ஞாயிறு, மாலை 5.20

ஐயா, படிச்சுக் காட்டினதும் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கிட்டார். பக்கத்து வீட்டுத் தம்பி கார்ல கிளம்புறோம்.

சிம்பாங் அக்கா, சுங்கை சிப்புட்
12 நாள் கழித்து

எல்லாரும் விசாரிச்சிருக்கீங்க, இப்பத்தான் உக்காந்து எழுத முடியுது.

கவுண்டர்ல ஐயா சொல்லிக் கொடுத்த வார்த்தையை அப்படியே சொன்னேன். அந்தப் பொண்ணு என் முகத்தை நிமிர்ந்து பார்த்துச்சு, நம்பர் கொடுக்காம நேரா உள்ள கூட்டிட்டுப் போயிடுச்சு. மார்ல, கையில, கால்ல எல்லாம் ஒட்டி ஈசிஜி எடுத்தாங்க. நல்லாத்தான் இருக்குன்னாங்க. ஐயா எழுதினது ஞாபகம் இல்லாம இருந்திருந்தா அப்பவே செருப்பை மாட்டியிருப்பேன். காலையில ஊறப்போட வேண்டிய அரிசிதான் மனசுல ஓடிக்கிட்டிருந்துச்சு. ரெண்டு தடவை இரத்தம் எடுத்தாங்க. ரெண்டாவது எடுத்தப்ப ராத்திரி மணி 10. அதுவும் பரவாயில்ல, மாரடைப்பு இல்லன்னாங்க. ஆனா மேடு, தோள், மூச்சு, இனிப்பு நீர்னு எல்லாத்தையும் கேட்டு எழுதிக்கிட்ட டாக்டர் வீட்டுக்கு விட மாட்டேன்னுட்டார். ஆஸ்பிரின் மாத்திரையைக் கையில கொடுத்து, விழுங்காம மென்னு தின்னச் சொன்னார். அங்கேயே தங்க வச்சு, மறுநாள் ஈப்போ பெரியாஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ்ல அனுப்பினாங்க.

அங்க ஓடுற பட்டையில ஏத்தி நடக்க விட்டாங்க. மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவை வேகத்தையும் சரிவையும் கூட்டுறாங்க. ரெண்டாவது தடவை கூட்டினதும் அதே இறுக்கம், அதே தோள். எங்க வீட்டு மேடேதான். ஈசிஜி கோடு இறங்கிடுச்சுன்னு டாக்டர் உடனே நிறுத்திட்டார். இரத்தக் குழாய்ல அடைப்பு இருக்கும் போல, ஆஞ்சியோகிராம் பண்ணித்தான் எவ்வளவுன்னு சொல்ல முடியும்னார். அடுத்த மாசம் தேதி கொடுத்திருக்காங்க.

இப்ப இரத்தம் கட்டியாகாம இருக்க ஆஸ்பிரின், குளோபிடோகிரல், கொழுப்புக்கு ஒண்ணு, நாக்குக்கு அடியில வைக்கிற குட்டி மாத்திரை ஒரு போத்தல். இறுக்கம் வந்தா உக்காந்துக்கிட்டு ஒண்ணு வைக்கணும், அஞ்சு நிமிஷத்துல விடலன்னா 999 கூப்பிடணும். வயித்துக்கு ஓமெப்ரசோல் இல்ல தங்கச்சி, பந்தோபிரசோல் கொடுத்தாங்க. குளோபிடோகிரலோட வேலையை ஓமெப்ரசோல் கெடுக்குமாம். மருந்து கொடுக்கிற கவுண்டர்ல கேட்டேன், அப்படித்தான் சொன்னாங்க. ராத்திரி எரியுறதும் உண்மைதான், அது தனி, அதுக்கும் மருந்து வேணும்னு டாக்டரே சொன்னார். பசியாறுறதுக்கு அரை மணி முன்னாடி போடுறேன்.

கடையை நாத்தனார் மக பார்த்துக்குது. பானையை மேட்டுல நான் தூக்குறதில்ல, வீட்டுக்காரர் வேலைக்குப் போற வழியில மோட்டார்ல வச்சு இறக்கிட்டுப் போறார். அவரையும் விடல. அவருக்கு 50 ஆகுது, அவரும் எதுக்கெடுத்தாலும் காத்துன்னுதான் சொல்லுவார். வருமானம் குறைஞ்சவங்களுக்கான அரசாங்க பேகா பி40 திட்டத்துல 40 வயசுக்கு மேல இலவசமா இரத்தம், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பார்க்கிறாங்கன்னு கிளினிக்குல சொன்னாங்க, எங்க பேர் அதுல இருக்கு. அடுத்த செவ்வாய் கூட்டிட்டுப் போறேன்.

லோரிக்காரத் தம்பி சொன்னபடி தலைமாட்டுக்குச் செங்கல் வச்சாச்சு. ஏழு மணிக்கே சாப்பிட்டுடுறேன். போன வாரம் ஒரு கல்யாண வீட்டுல நேரம் கழிச்சுச் சாப்பிட்டு வந்து படுத்தேன், ராத்திரி 1 மணிக்கு மறுபடி ஏறுச்சு. எழுந்து உக்காந்தேன். வேர்க்குதான்னு நெத்தியைத் தொட்டுப் பார்த்தேன், காஞ்சிருந்துச்சு. தோள் கனக்கல. தொண்டையில புளிப்பு. பக்கத்துல அவர் எழுந்து உக்காந்து, கையில போனை எடுத்துக்கிட்டு, "எந்த வலி?"ன்னு கேட்டார். "எரியுற வலி"ன்னேன். என் மூஞ்சியையே கொஞ்ச நேரம் பார்த்துட்டு, அப்புறம்தான் போனைக் கீழ வச்சார்.